என் லாக்டேட் ஏறிய கதை

உடம்பு தேறி வந்தவளிடம் ஊரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: என்னம்மா ஆச்சு உனக்கு? வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஐசியு என்று ஆரம்பித்ததுமே கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். மீதிக் கதையைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. சிரிக்க வேண்டியதெல்லாம் அந்த மீதியில்தான் இருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். யாராவது ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இதைப் படித்து, இவளே பிழைத்து வந்துவிட்டாள், நமக்கென்ன என்று நினைத்தால் அதுவே போதும்.

என் பெயர் ஜெய்த்தூன். கடலூர் முதுநகரில் வீடு. என் வீட்டுக்காரர் துறைமுகப் பக்கம் வலை நூலும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறார். நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார்; அதுவும் 'சரி' என்பதாக இருக்கும். எங்களுக்கு ஒரே மகள், நஸ்ரின். மருமகன் சவூதியில் வேலை செய்கிறார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, அதனால் ஏழாம் மாதமே அவளை அழைத்து வந்துவிட்டோம். நஸ்ரினுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். கடலூரில் அவள் காட்டுகிற ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள் என்று தெரிந்ததிலிருந்து ஒரே பாட்டுத்தான்: நீதான் நிக்கணும், வேற யாரும் வேணாம். நான் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

நாள் நெருங்கியபோது சிதம்பரத்தில் இருக்கிற என் நாத்தனார் மெஹருன் வீட்டுக்குப் போனேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துச் சாமான்களை அங்கே ஒரு நாட்டு மருந்துக் கடையில்தான் வாங்குவது வழக்கம். காலையில் போய் வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே முதுகில் ஒரு பக்கம் வலி இருந்தது, ஒன்றுக்குப் போனால் எரிச்சலும் இருந்தது. நான் பல வருடத்துச் சர்க்கரைக்காரி. உடம்பில் ஏதாவது ஒன்று எரிந்துகொண்டேதான் இருக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியாத நாளே கிடையாது. அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டேன்.

கடை வாசலில் நிற்கும்போதே குளிர ஆரம்பித்தது. தார் உருகுகிற வெயிலில் எனக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. மெஹருன் தன் துப்பட்டாவை அவிழ்த்து என் மேல் சுற்றினாள். கடைக்காரர் ஸ்டூல் போட்டார். ஆட்டோவுக்குள் தூக்கி உட்கார வைத்தது வரைதான் எனக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், இரண்டு கையிலும் ஊசி, தலைமாட்டில் பீப் பீப்பென்று ஒரு மெஷின். கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா குனிந்து என் பெயரைக் கேட்டார். என் மகள் நஸ்ரினைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். நான் பெயரைச் சொல்லாமல், சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டேனாம். அவர் சிரித்துவிட்டு, அது நேற்றே போய்விட்டது என்றாராம்.

அந்த டாக்டரம்மாவுக்கு நல்ல பொறுமை. எனக்கு வந்த வியாதியை எனக்கே புரிகிற மாதிரி சொன்னார். சிறுநீர்ப் பாதையில் இருந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பு, கண்மண் தெரியாமல் தன்னையே போட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டது. பிரஷர் இறங்கிவிட்டது. இதற்குப் பெயர் செப்சிஸ். கை கால், குடல், மூளை என்று எல்லா இடத்துக்கும் ரத்தமும் ஆக்சிஜனும் ஒழுங்காகப் போகாதபோது, உடம்பு ஆக்சிஜன் இல்லாமலே சக்தி தயாரிக்கப் பார்க்கும். அப்போது லாக்டேட் என்று ஒன்று ரத்தத்தில் சேரும். நல்ல உடம்பில் அது இரண்டுக்குள் இருக்கும். எனக்கு ஐந்தைத் தாண்டியிருந்தது.

அன்றிலிருந்து அந்த எண்தான் எங்கள் வீட்டின் பேச்சு. மணிக்கட்டில் நாடி பார்க்கிற இடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ஐசியு மூலையில் இருந்த மெஷினில் விடுவார்கள். அந்தக் குத்து இருக்கிறதே, யா அல்லா, பிரசவ வலிக்கு அடுத்து அதைத்தான் சொல்வேன். என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நர்ஸம்மாக்கள் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார்கள். சத்தம் போடுற பேஷண்ட் பொழச்சுக்குவாங்க என்று அதில் ஒருத்தி சொன்னாள். அது நிஜமோ பொய்யோ, எனக்குச் சத்தம் போட ஒரு அனுமதி கிடைத்தது.

வெளியே காத்திருப்புக் கூடத்தில் என் வீட்டுக்காரரும் மெஹருனும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு பஸ் ஏறிவிட்டார் அவர். பக்கத்துக் கடைக்காரர் போன் பண்ணிச் சொன்னதற்கும் 'சரி' என்றுதான் சொன்னாராம். பில்லைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். தொந்தரவு பண்ணினால் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த நாட்களில் நான் தின்ற ஆரஞ்சுகளெல்லாம் நான் கேட்ட கேள்விகள்தான்.

ராத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஐசியுவில் விளக்கை அணைப்பதே இல்லை. கண்ணை மூடினால் நஸ்ரின் தனியாக ஒரு கட்டிலில் படுத்து என்னைத் தேடுகிற மாதிரி தோன்றும். உயிர் போய்விடுமோ என்ற பயத்தைவிட, அவள் கூப்பிடும்போது நான் அங்கே இல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம்தான் எனக்கு ஜாஸ்தியாக இருந்தது.

டிரிப்ஸும் கிருமிக்கான மருந்தும் இறங்க இறங்க, லாக்டேட் நாலானது, மூன்றானது, இரண்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. ஜுரம் விட்டது. என்னை வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு டீக்கடை. மனுஷர்கள் நின்று டீ குடிப்பதைப் பார்ப்பது அவ்வளவு சந்தோஷம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வார்டில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது: இனி மணிக்கட்டில் குத்த வேண்டாம். சர்க்கரை பார்க்கிற மாதிரியே விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு துளி ரத்தம், ஸ்டிரிப் என்கிற ஒரு சின்னப் பட்டி, கையடக்க மெஷின். லாக்டேட் எவ்வளவு என்று உடனே சொல்லிவிடும். நான் அந்தப் பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெஹருனின் மகள் ரிஸ்வானா வந்தாள். சிதம்பரத்திலேயே பயோடெக்னாலஜி படிக்கிறாள். என்னை மாமி என்று கூப்பிடுவாள். பட்டியைக் கண்டதும் அவள் முகம் பிரியாணி வாசம் கண்ட மாதிரி ஆகிவிட்டது.

"மாமி, என்னோட புராஜெக்டே இதுதான் தெரியுமா?" என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் சொன்னது இது. பட்டியின் நுனியில் ஒரு என்சைமைக் காயவைத்து ஒட்டியிருப்பார்கள். என்சைம் என்றால் உயிருள்ளவை தங்களுக்குள் தயாரிக்கிற ஒரு புரதம். ஒரு வேலையைத்தான் செய்யும், ஆனால் அதை அலுக்காமல் செய்துகொண்டே இருக்கும். இதன் பெயர் லாக்டேட் ஆக்சிடேஸ். ரத்தத்தில் ஆயிரம் சாமான் இருந்தாலும் இது லாக்டேட்டைத்தான் தேடிப் பிடிக்கும். பிடித்து, ஆக்சிஜனோடு சேர்த்து, பைருவேட் என்ற வேறொன்றாக மாற்றிவிடும். மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், அதாவது புண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அது. அது மின்முனையில் பட்டால் துளி மின்சாரம் உண்டாகும். லாக்டேட் ஜாஸ்தி என்றால் மின்சாரமும் ஜாஸ்தி. மெஷின் அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. ஐசியு மூலையில் இருந்த பெரிய மெஷினுக்குள்ளும் இதே என்சைம்தானாம்.

இந்த என்சைம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். ஒருவகை பாக்டீரியாவிலிருந்து எடுத்தது என்றாள். இப்போது அதன் மரபணுவை வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்களாம்.

"ஒரு கிருமி என்னப் படுக்க வைக்குமாம், இன்னொரு கிருமி நான் எழுந்தேனான்னு வந்து பாக்குமாம். நல்லா இருக்குடி உங்க நியாயம்" என்றேன்.

ரிஸ்வானா சிரித்துக்கொண்டே அடுக்கினாள். ஓட்டப்பந்தயக்காரர்கள் எவ்வளவு ஓடினால் தசை சோர்கிறது என்று பார்க்க, காதுமடலில் ஒரு துளி எடுத்து இதில்தான் விடுவார்கள். வியர்வையிலேயே லாக்டேட்டைப் பார்க்கிற மாதிரி, தோலில் ஒட்டிக்கொள்கிற பட்டை செய்யப் பல ஊர்களில் முயற்சி நடக்கிறது. லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றி எடுக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இவளுடைய வேலை, இந்த என்சைம் நம் ஊர் வெயிலில் கெட்டுப்போகாமல் பட்டியில் நிற்க வழி பார்ப்பது. புரிந்தது பாதி, புரியாதது பாதி. ஆனால் நேற்று வரை என் முழங்காலைக் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்ட குட்டி, இப்படிப் பேசுவதைக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் லாக்டேட் சரியாக இருந்து ஜுரமும் இல்லாவிட்டால், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக டாக்டரம்மா சொன்னார். நான் போனில் நஸ்ரினிடம் சொன்னேன். அவளையும் மறுநாளே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மாதான் அவளுக்குத் துணையாக இருந்தார்.

"நீ வர்றவரைக்கும் நான் பெக்க மாட்டேம்மா" என்றாள்.

"அதெல்லாம் உன் கையில இல்லடி" என்று சொல்லிவிட்டேன், ஆனால் போனை வைத்த பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை என் கை எரிச்சல் உச்சத்தில் இருந்தது. மெஹருன் எனக்கு நாத்தனார் என்று பேர். கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள். அண்ணன் மனைவியை எங்களில் மச்சி என்போம். அந்த மச்சிக்காகக் காலையில் கஞ்சி, மாலையில் துவைத்த துணி என்று வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அன்று ஒரு டப்பாவில் கெட்டித் தயிர் கொண்டு வந்திருந்தாள். எரிச்சலுக்கு எங்கள் வீடுகளில் அதுதான் வைத்தியம். இரண்டு உள்ளங்கையிலும் விரல் நுனி வரைக்கும் நன்றாகத் தேய்த்து, காயவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கை ஜில்லென்று ஆனது. நான் கண்ணை மூடிக்கொண்டு அவளுக்காக அல்லாவிடம் துஆ கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா வந்தார். மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தார், குத்தினார், பட்டியில் துளியை வைத்தார். மெஷினைப் பார்த்தார். பக்கத்து விரலைக் குத்தினார். மறுபடி பார்த்தார். பிறகு வேகமாக வெளியே போனார். முதல் தடவை ஒன்பது, இரண்டாம் தடவை பதினொன்று. செத்துப் பிழைத்த அன்றுகூட எனக்கு ஐந்து சொச்சம்தான்.

டாக்டரம்மா ஓடி வந்தார். பிரஷர் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நெற்றியில் கை வைத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எண் இப்படி இருந்தால் விட முடியாது என்றார். திரும்ப ஐசியு. சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன். தேவைப்பட்டால் பாண்டிச்சேரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வலி எடுத்துடுச்சாம்" என்றார்.

பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில்தான் கடலூர். ஆம்புலன்ஸில் என் மகள் இருக்கிற ஊர் வழியாகவே என்னை ஏற்றிக்கொண்டு போவார்கள், நான் இறங்க முடியாது. அதை நினைத்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். என்னை விட்டுவிடுங்கள், என் பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கிறாள், அவள் பெற்றதும் திரும்பி வந்து இதே கட்டிலில் படுத்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கண்ணும் கலங்கியது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்து மட்டும் போடவில்லை. மணிக்கட்டில் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். நான் சத்தம் போடாமல் கையை நீட்டினேன்.

பெரிய மெஷின் ஒன்று புள்ளி மூன்று என்றது.

இப்போது டாக்டரம்மாவுக்கே குழப்பம். இரண்டு மெஷினில் ஒன்று பொய் சொல்கிறது. எது? இதற்குள் செய்தி கேட்டு ரிஸ்வானா காலேஜிலிருந்து வந்துவிட்டாள். அவளும் டாக்டரம்மாவும் என் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று பேச ஆரம்பித்தார்கள். பட்டி கெட்டுப்போயிருக்குமா? இல்லை, அதே டப்பாப் பட்டியில் பக்கத்துக் கட்டில் பாட்டிக்குச் சரியாக வந்தது. லாக்டேட் கலந்த டிரிப்ஸ் ஏதாவது கையில் ஏறுகிறதா? இல்லை, எல்லாவற்றையும் நேற்றே கழற்றியாகிவிட்டது.

"ரெண்டுலயும் ஒரே என்சைம்தான் டாக்டர். அது பொய் சொல்லாது. லாக்டேட்டப் பாத்திருக்கு, அதான் சொல்லியிருக்கு. ரத்தத்துல இல்லைன்னா, வெளிய எங்கேயோ இருக்கு" என்றாள் ரிஸ்வானா. பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "பால் கம்பெனியில எல்லாம் இத வச்சுத்தான் எவ்ளோ புளிச்சிருக்குன்னு பாக்குறாங்க. தயிர்ல இருக்குற புளிப்பே லாக்டிக் ஆசிட்தானே..." என்று இழுத்தாள்.

அப்போது சுவரோரம் நின்ற மெஹருனின் கையிலிருந்து டப்பா கீழே விழுந்து உருண்டது.

"மச்சி கை எரியுதுன்னாங்க. நான்தான் தயிர் தேச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு, போலீஸுக்குப் பிடித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்பது மாதிரி நின்றாள்.

டாக்டரம்மா என் விரலை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு என்னைக் குழாயடிக்கு நடத்திப் போய், சோப்புப் போட்டு இரண்டு கையையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். துடைத்து, குத்தி, வந்த முதல் துளியைத் துடைத்தெறிந்துவிட்டு, இரண்டாவது துளியைப் பட்டியில் வைத்தார். ஒன்று புள்ளி நாலு.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ரிஸ்வானா விடவில்லை. படிக்கிற பிள்ளை இல்லையா, நிரூபித்தே ஆக வேண்டும். தன் அம்மாவின் விரலில் டப்பாவில் மிச்சமிருந்த தயிரைத் தடவி, காயவைத்து, துடைத்து, டாக்டரம்மா முன்னால் நீட்டினாள். அவரும் ஆசையை அடக்க முடியாமல் குத்திவிட்டார். மெஹருனுக்குப் பன்னிரண்டு.

"மெஹருன், மொதல்ல உன்னத்தான் ஐசியுல போடணும்" என்றேன்.

முதலில் சிரித்தது நர்ஸம்மா. பிறகு டாக்டரம்மா, பக்கத்துக் கட்டில் பாட்டி, எல்லோரும். மெஹருன் அழுதுகொண்டே சிரித்தாள். முதுகு வலிக்க வலிக்க நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர், கல்யாணத்தில்கூடப் பல்லைக் காட்டாத மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். திட்ட வேண்டும் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. பாசத்துக்கும் ஒரு அளவு மெஷினில் தெரியும் என்றால் அது பன்னிரண்டாகத்தான் இருக்கட்டுமே.

அன்றைக்கே அந்த வார்டு சுவரில் பேனாவால் எழுதிய ஒரு தாளை ஒட்டினார்கள்: விரலில் ரத்தம் எடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவவும். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். சர்க்கரை பார்த்தாலும் சரி, லாக்டேட் பார்த்தாலும் சரி, பஞ்சால் ஒரு இழுப்பு போதாது.

மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுக்கும்போது டாக்டரம்மா ஆயிரம் பத்தியம் சொன்னார். பிரசவ அறையில் நிற்கக் கூடாது, நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், நடுக்கம் வந்தால் அங்கேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரர் மாதிரி 'சரி' என்றேன். காரில் மெஹருன் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டியதா, ஆலப்பாக்கம் வந்ததா என்று நொடிக்கொரு தரம் கேட்டேன். வாய் ஓதிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் முன்சீட்டில் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. இன்னும் பிறக்கவில்லை, இன்னும் பிறக்கவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, இருடி என் ராஜாத்தி, கொஞ்சம் இரு என்று நான் முணுமுணுத்தேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் காரை விட்டு இறங்கினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பிரசவ அறை வாசலில் நின்ற நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். வெளுத்துப்போன முகம், கையில் பிளாஸ்திரி, மணிக்கட்டில் சிதம்பரம் ஆஸ்பத்திரி கட்டிவிட்ட பெயர்ப் பட்டை.

"அம்மா, இது பிரசவ வார்டு. பேஷண்டெல்லாம் அந்தப் பக்கம் போவணும்" என்றார்.

உள்ளேயிருந்து நஸ்ரின் 'அம்மா' என்று கத்தினாள்.

"நான் பேஷண்ட் இல்லீங்க. அதோ கூப்பிடுறா பாருங்க, அவ அம்மா" என்று சொல்லி, பிடித்திருந்த இரண்டு பேர் கையையும் உதறிவிட்டு நான் உள்ளே நடந்தேன்.